கடைசி முகாமில் பனி உருக்க எம்எஸ்ஆர் ரியாக்டர்: எதில் கெட்டி, எங்கே காலை வாரும்

1 லிட்டர் தண்ணீர் 3 நிமிடத்தில் கொதிக்கும் என்பது, எம்எஸ்ஆர் நிறுவனத்தின் ரியாக்டர் என்ற மலையேற்ற வாயு ஸ்டவ்வைப் பற்றித் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. தப்பில்லை. ஆனால் அது சமவெளியில், குழாயில் பிடித்த தண்ணீருக்கு. உச்சிக்குக் கிளம்பும் முன் 7,000 மீட்டருக்கு மேல் கூடாரத்தில் உட்கார்ந்து பாத்திரத்தில் அள்ளிப் போடுவது பனியை. 1 கிலோ பனி உருகுவதற்கு மட்டுமே 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகிய தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றவும் கிட்டத்தட்ட அவ்வளவே. அதனால் இந்த ஸ்டவ்வைக் கொதிக்கும் நேரத்தை வைத்து எடைபோடுவதில் அர்த்தமில்லை. எத்தனை கிராம் வாயுவில் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கில் ரியாக்டர் நன்றாகவே தேறுகிறது. பாத்திரத்தின் அடிப்பகுதி பர்னரை மூடினாற்போல் உட்காருவதால் காற்றில் வெப்பம் சிதறுவதில்லை. தீ நாக்கும் கிடையாது. பர்னரின் மேற்பரப்பே சிவந்து கனன்று சூடு தருகிறது. குளிரில், பனியிலிருந்து 1 லிட்டர் குடிநீருக்கு 20 முதல் 30 கிராம் வாயு என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆளுக்கு இரவுக்கும் ஏறும்போது கொண்டுபோகவும் சேர்த்து 4 லிட்டர் என்றால் மூன்று பேருக்கு 12 லிட்டர். 227 கிராம் கேனிஸ்டர் (வாயு டப்பா) இரண்டு போதும். மூன்றாவது ஒன்று கையிருப்பாக இருக்கட்டும். நேரம்தான் இடிக்கும். பனி அள்ளி, உருக்கி, பாட்டிலில் ஊற்றி முடிக்க மூன்று, நான்கு மணி நேரம் ஓடிவிடும். இரவு 10 மணிக்குப் புறப்பாடு என்றால் பிற்பகலில் முகாமுக்கு வந்ததுமே பற்றவைத்துவிட வேண்டும்.

பனியை அப்படியே பாத்திரத்தில் அழுத்தி நிரப்பாதீர்கள். அடியில் உருகும் கொஞ்சத் தண்ணீரை மேலே உள்ள பனி பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். அடி காய்ந்து தீயும், தண்ணீரில் கருகல் வாடை ஏறும். முதலில் 200 மில்லி தண்ணீர் ஊற்றி, அது சுட்ட பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் பனியைச் சேர்க்க வேண்டும். அந்த 200 மில்லியை முந்தைய நாள் பிளாஸ்கிலேயே மிச்சம் வைத்தாக வேண்டும். புதுப்பனி பெரும்பாலும் காற்றுதான், 1.7 லிட்டர் பாத்திரம் நிறைய போட்டாலும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தேறாது. இறுகிய பனியைக் கோடரியால் வெட்டிப் பையில் கட்டிக் கூடார வாசலில் வைப்பது நல்லது. பனி எடுக்கும் பக்கம் ஒன்று, ஒதுங்கும் பக்கம் இன்னொன்று என்று முகாம் போடும்போதே முடிவுசெய்துவிட வேண்டும்.

ரெகுலேட்டர் இருப்பதால் குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரெகுலேட்டர் இருக்கிற அழுத்தத்தைச் சீராக விடுமே தவிர, இல்லாததை உண்டாக்காது. டப்பாவில் அடைக்கும் வாயுக்களில், கடல்மட்டத்தில் சாதா பியூட்டேன் -0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் சுமார் -12 வரை தாங்கும், புரோப்பேன் -42 வரை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இந்த வரம்புகள் இன்னும் இறங்கும். உயரம் நமக்கு உதவும் அபூர்வமான இடம் இது. ஆனாலும் புரோப்பேன் முந்திக்கொண்டு தீரும், வாயு வெளியேற வெளியேற டப்பாவும் குளிர்ந்துகொண்டே போகும். ஐசோபியூட்டேன்-புரோப்பேன் கலவையை மட்டும் வாங்கி, இரண்டு டப்பாக்களை மாற்றி மாற்றிப் போட்டு, ஓய்வில் இருப்பதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்தால் போதும். டப்பாவை நெருப்பில் காட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. பர்னருக்கு வேண்டிய காற்று முழுவதும் அடியில் உள்ள துளைகள் வழியாகத்தான் போகிறது. அங்கே பனி அடைத்தாலோ, காற்றுக்குப் பயந்து கூடாரத்தை முழுக்க மூடினாலோ விஷவாயு சேரும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என அதன் அறிகுறிகள் உயர நோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், மலைதான் காரணம் என்று எண்ணி அடுப்பை எரியவிட்டபடியே இருந்துவிடுவார்கள். வாசல் ஜிப்பின் மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் திறந்தே இருக்க வேண்டும்.

ஸ்டவ்வைக் கூடாரத்துக்குள் தொங்கவிடும் கிட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அரைக் கிலோ ஸ்டவ்வுக்கு இதையும் சேர்த்தே விற்றிருக்கலாம். தரையில் வைத்தால் அடிப்பனி இளகிச் சாயும். வெந்நீர் டவுன் (பறவையின் மென்சிறகு அடைத்த) உடையில் கொட்டினால் மறுநாள் உச்சி முயற்சி அத்தோடு முடிந்தது. தானியங்கிப் பற்றவைப்பானும் இதில் இல்லை. உள்சட்டைப் பையில் இரண்டு லைட்டர்கள் இருக்கட்டும். குளிர்ந்த லைட்டர் பற்றாது.

சமையலுக்கு இது ஆகாது. தீயைச் சிம்மில் வைக்க முடியாது, வேறு பாத்திரமும் பொருந்தாது. 6,000 மீட்டரில் தண்ணீர் 80 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி, பருப்பெல்லாம் எந்த ஸ்டவ்விலும் லேசில் வேகாது. அடிமுகாமுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் பிரஷர் குக்கரும்தான் சரி. மேல் முகாம்களுக்கு 2.5 லிட்டர் ரியாக்டர் ஒன்றை வாங்குவதைவிட 1.7 லிட்டர் இரண்டு மேல். ஒன்று மக்கர் செய்தாலும் குழு தாகத்தோடு இறங்க வேண்டியிராது. விமானத்தில் கேனிஸ்டரை ஏற்ற விடமாட்டார்கள், போய்ச் சேரும் ஊரில்தான் வாங்க வேண்டும்; எனவே திருகுமரை ஒத்துப்போகிறதா, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விரிசல் விடாமல் இருக்கிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள்.