புதிய ஐபிஏ என்ற பெயரில் பழைய சரக்கு: கேனின் அடியைப் பார்த்து வாங்குங்கள்

ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்பும் மணமும் தூக்கலான பீர் வகை) பிரியர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் கேனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகளாக நல்ல பெயர் எடுத்த ஒரு கிராஃப்ட் பீர் ஆலை, புதிய வெளியீடு என்று சொல்லிப் பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டது. இடைத்தரகர் யாரும் இல்லை. ஆலையின் சொந்த விற்பனைக் கூடத்திலேயே வாங்கினேன்.

லேபிளில் ஹேஸி (கலங்கலான) ஐபிஏ, சிட்ரா, மொசைக் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ வகைகள்), ஆல்கஹால் 6.8 சதவீதம் என்று போட்டிருந்தது. இந்த ஹாப்ஸ் சேர்த்த பீரைத் திறந்ததுமே கிரேப்ஃப்ரூட்டும் மாம்பழமும் மணக்க வேண்டும். எனக்கு வந்தது நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். கண்ணாடிக் குவளையில் ஊற்றினால், வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய பீர் ஆறிப்போன தேநீர் போல் பழுப்பேறிக் கிடந்தது. வாயில் வைத்ததும் தேன் வாடையுடன் ஒரு மந்தமான இனிப்பு. விழுங்கிய பிறகு கரகரவென்று ஒரு கசப்பு. பழ வாசனை மருந்துக்குக்கூட இல்லை.

ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து ஐபிஏயைக் கெடுக்கும் விதம் இதுதான். நொதிக்கும்போதோ அதற்குப் பிறகோ ஹாப்ஸைப் போட்டு ஊறவைப்பதை ட்ரை ஹாப்பிங் என்பார்கள். அதில் இறங்கும் வாசனை எண்ணெய்கள்தான் முதலில் போகும். அட்டை வாடைக்கு ட்ரான்ஸ்-2-நோனினால் என்ற சேர்மத்தைக் காரணமாகச் சொல்வார்கள். குளிரில் வைத்தால் எல்லாமே மெதுவாக நடக்கும். அந்தக் கூடத்திலோ கேன்களை ஃபிரிட்ஜில் வைக்காமல் விளக்குக்கடியில் அலமாரியில் அழகாக அடுக்கியிருந்தார்கள்.

சந்தேகம் வந்து கேனைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டியதும் நிரப்பிய தேதி தெரிந்தது: ஏறக்குறைய ஒன்பது மாதம் பழையது. பக்கவாட்டு லேபிளின் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். உள்ளே அதே ஆலை முன்பு விற்ற இன்னொரு ஐபிஏயின் லேபிள். மீந்துபோன காலி கேன்களின் மேல் புது லேபிள் ஒட்டி நிரப்புவது சிறிய ஆலைகளில் வழக்கம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹாப்ஸும் அதே, 6.8 சதவீதமும் அதே, தேதிக்கு மேல் மட்டும் ஸ்டிக்கர் என்றால் அதற்குப் பெயர் என்ன?

புகார் செய்தேன். "ஹேஸி ஐபிஏ கலங்கலாகத்தான் இருக்கும் சார், பழகினால் பிடித்துவிடும்" என்று பதில் வந்தது. கலங்கலைப் பற்றி யார் கேட்டது? ஓட்ஸ், கோதுமையின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனால் என்ற சேர்மங்களும் சேர்ந்து கலங்கலைத் தரும். பழுப்பு நிறத்தைத் தராது. இதை எழுதி, தேதி தெரியும் படத்தையும் இணைத்து அனுப்பினேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் மூச்சே இல்லை.

ஏற்கெனவே வாங்கியவர்கள் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், உரிப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி பழையதாக இருந்தால் அந்தப் படங்களுடனும் ரசீதுடனும் எழுத்துமூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். திறக்காத கேன்களை வீசிவிடாதீர்கள். நானும் வைத்திருக்கிறேன், நுகர்வோர் புகாருக்குத் தேவைப்படும்.