ரவியோலி அச்சு: பொரிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்

ரவியோலி என்பது இரண்டு மெல்லிய மாவுத் தகடுகளுக்கு நடுவே பூரணம் வைத்து ஓரத்தை ஒட்டிச் செய்யும் இத்தாலியப் பண்டம். அதற்குப் பன்னிரண்டு குழி போட்ட அலுமினிய அச்சு வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். ரவியோலியைத் தண்ணீரில் வேகவைத்து மேலே சாஸ் ஊற்றிச் சாப்பிடுகிற வீடு என்றால் இது தேவையே இல்லை. கத்தியும் முள்கரண்டியும் போதும். எண்ணெயில் பொரிக்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

காரணம் ஓரம்தான். தண்ணீரில் ஓரம் பிரிந்தால் கொஞ்சம் பூரணம் கசியும், அவ்வளவுதான். எண்ணெயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சீஸ் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் தெறிக்கும், வெளியே வந்த சீஸ் கருகி அடுத்த ஈட்டுக்கும் கசப்பைக் கொடுக்கும். கையால் ஒட்டினால் ஆரம்பத்தில் செய்தவை நன்றாக இருக்கும். கை அசரும்போது ஒன்று தடியாகவும் ஒன்று மெலிசாகவும் வந்துவிடும். ஒரே ஈட்டில் போட்டால் ஒன்று சிவந்து நிற்கும்போது இன்னொன்று வெளுத்துக் கிடக்கும். அச்சில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பல்பல்லாக விளிம்பு இருக்கிறது. கட்டையை உருட்டினால் அது எல்லா ஓரத்தையும் ஒரே அழுத்தத்தில் ஒட்டி, வெட்டியும் விடுகிறது.

பொரித்த ரவியோலி அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பண்டம். அங்கே இத்தாலியர்கள் குடியேறிய 'தி ஹில்' என்ற பகுதியில் 1940-களில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் கடையில்தான் முதலில் வந்தது என்று ஒன்றுக்கு மேற்பட்ட உணவகங்கள் உரிமை கொண்டாடுகின்றன. ரவியோலியை முட்டையில் நனைத்து, பிரெட் தூளில் புரட்டி, பொரித்து, மேலே பார்மசான் சீஸ் துருவி, தக்காளி சாஸோடு கொடுப்பார்கள். அங்கே பெரும்பாலும் உள்ளே இறைச்சிதான். நான் செய்வது சீஸும் பாலக்கும்.

நாங்கள் இருப்பது கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம். வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்கள் தங்க விடுகிறோம். சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் எல்லோருக்கும் சூடாக ஏதாவது கொறிக்க வேண்டும். அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் வீடு கட்டிக் குடியேறிய ஊர் இது. சீஸும் பிரெட்டும் இங்கே கடைத்தெருவிலேயே நல்லதாகக் கிடைக்கும். பண்டத்துக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது செய்யாமல் இருக்க மனசு வராது.

சரி, அச்சுக்கு வருகிறேன். பெட்டியில் மூன்று பொருள்கள் இருந்தன. அலுமினியத் தட்டு, மாவில் பள்ளம் போட ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு சின்ன மர உருளை. அலுமினியத் தட்டு கனமானது; மேடையில் வைத்தால் நகராது. விளிம்புகள் கூராகவும் இருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டும் பரவாயில்லை. மர உருளைதான் ஏமாற்றம். எடையே இல்லை, எவ்வளவு அழுத்தினாலும் மாவு வெட்டுப்படவில்லை. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. வீட்டுச் சப்பாத்திக் கட்டையை எடுத்து உருட்டினால் வேலை கச்சிதமாக முடிகிறது. அந்த உருளைக்கு வைத்த விலையை அவர்கள் குறைத்திருக்கலாம்.

விளம்பரப் படத்தில் தட்டைக் கவிழ்த்ததும் பன்னிரண்டும் பொலபொலவென்று விழுகின்றன. மைதா தூவினால் அப்படி விழாது. ஈரத்தில் மைதா பசையாகிக் குழியோடு பிடித்துக்கொள்ளும். அரிசி மாவைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு மாவை விரியுங்கள், விழும்.

மாவுக்கு நூறு கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, மூடி, அரை மணி நேரமாவது விட வேண்டும். குளிரில் மாவு விறைத்துக்கொள்ளும் என்பதால் அடுப்புப் பக்கத்தில் வைப்பேன். தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். அதற்குமேல் மெலிந்தால் பல்விளிம்பு அதைக் கிழித்துவிடும்.

பூரணத்துக்குப் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, நன்றாக வடிந்த பிறகு உதிர்த்துக்கொள்கிறேன். பாலக்கை வதக்கி, பிழிந்து, இன்னொரு முறையும் பிழிந்து சேர்க்க வேண்டும். தண்ணீர் நின்றால் எண்ணெய்க்குள் அது ஆவியாகி ஓரத்தைத் திறந்துவிடும். கொஞ்சம் துருவிய சீஸ், தாண்டிக்குடிப் பக்கத்து மிளகு, அப்புறம் நசுக்கிய மலைப்பூண்டு. இந்தப் பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைவது. காரம் அதிகம், ஒரு பல் போட்டாலே வாசனை தூக்கும். சமவெளிப் பூண்டு போடுவதாக இருந்தால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். பூரணம் குழியின் விளிம்புக்குக் கீழேயே நிற்கட்டும். மேல் மாவை ஒரு முனையிலிருந்து மெல்ல இறக்கி, உள்ளே காற்று அடைபடாமல் தடவிவிட்டு, அதற்குப் பிறகு கட்டையை உருட்டுங்கள்.

முதலில் வேகவைத்துவிட்டுப் பொரிக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. எங்கள் ஊருக்கு அது சரிவராது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். வேக நேரமாகும், அதற்குள் மாவு தண்ணீர் குடித்து ஊறிவிடும். பச்சையாகவே அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, விறைத்ததும் பால் கலந்த முட்டையில் நனைத்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரிப்பதுதான் நல்லது. பிரெட் தூளை வாணலியில் வெறுமனே வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். இந்த மூடுபனியில் டப்பாவைத் திறந்து வைத்தாலே நமுத்துவிடும். நமுத்த தூள் எண்ணெயைக் குடிக்கும்.

சூட்டில்தான் மலைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். சமவெளிக் குறிப்புகளில் 175 டிகிரி செல்சியஸ் என்று இருக்கும். உயரத்தில் உள்ளே இருக்கும் ஈரம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகப் போவதால், உள்பக்கம் சூடேறி வேகத் தாமதமாகும், மேல்புறம் அதற்குள் சிவந்துவிடும். ஆயிரம் அடி ஏற ஏற எண்ணெயின் சூட்டை மூன்று பாரன்ஹீட் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் உயரத்துக்கு 163 டிகிரி செல்சியஸ் பக்கம் வருகிறது. நான் வெப்பமானி வைத்துத்தான் பொரிக்கிறேன். என் வீட்டில் உதவிக்கு வரும் பெண் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போட்டுப் பார்த்து, "அக்கா, இன்னும் காயல, போடாதீங்க" என்பாள். வெப்பமானியும் அதையேதான் சொல்லும். ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுக்குமேல் போடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து வருவதால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். இருபுறமும் திருப்பி மூன்று, நான்கு நிமிடம். பொன்னிறம் தாண்டுவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். கம்பித் தட்டில் வடியவிட்டால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாக நிற்கும். காகிதத்தில் போட்டால் அடியில் வியர்த்துவிடும்.

தொட்டுக்கொள்ள தக்காளி, பூண்டு, எண்ணெய், உப்பு போட்டுச் சுண்டவைத்த சாஸ். இறக்கும்போது தொட்டியில் வளர்க்கும் திருநீற்றுப்பச்சிலையில் நாலு இலை கிள்ளிப் போடுகிறேன். கெட்சப் வேண்டாம். அதன் இனிப்பு சீஸின் ருசியை அமுக்கிவிடும்.

அச்சைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. ஒட்டிய மாவு காய்ந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டினால் உதிர்ந்துவிடும். புளி, எலுமிச்சை படவிடாதீர்கள். அலுமினியம் நிறம் மாறும். ஈரத்தோடு அலமாரியில் வைக்கவும் கூடாது.

நான் கொடுத்தது ஆயிரம் ரூபாய்க்குள். இதே அச்சில் இருபத்துநான்கு குழி உள்ளதும் விற்கிறார்கள். பொரிக்க அது வேண்டாம். குழி சிறிதாகிவிடும், பிரெட் தூள் ஒட்டிய பிறகு வாயில் மாவும் மேல்பூச்சும்தான் தெரியும், பூரணம் தெரியாது.