ரகசியத்தை எங்கே புதைப்பது: பாலாற்றிலா, கிணற்றிலா?

பத்தாவது படிக்கும்போது காணாமல் போன ஒருவன், அதைப் பற்றி வாயே திறக்காத நாலு கூட்டாளிகள், இருபத்தைந்து வருடம் கழித்து வெளியே வரும் எலும்பு. துப்பறியும் நாவலுக்கு நல்ல கரு. இதை வேலூர்ப் பக்கம் நடக்கும் கதையாக எழுதுவதென்றால், யார் கொன்றது என்பதைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எலும்பு எங்கே கிடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மொத்த விசாரணையும் அதைப் பிடித்துத்தான் போகும்.

கோட்டை அகழிதான் எல்லோருக்கும் சட்டென்று தோன்றும். 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டை, அட்டைப்படத்துக்கும் அழகாக இருக்கும். ஆனாலும் வேண்டாம். ஊருக்கு நடுவில், ஆள் நடமாட்டம் ஓயாத இடம். தண்ணீரில் போட்ட உடல் சில நாளில் ஊதி மேலே வந்துவிடும்.

பாலாறு அப்படியில்லை. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ராத்திரியில் குழி தோண்டி மூடினால் காலையில் அடையாளமே தெரியாது. 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்த மாதிரி வெள்ளம் வந்து வடிந்தபின், ஆடு மேய்க்கிறவர் கண்ணில் எலும்பு படுகிறது என்று தொடங்கினால் முதல் அத்தியாயம் பிரமாதமாக அமையும். சிக்கல் இரண்டாவது அத்தியாயத்தில் வருகிறது. அந்த எலும்பு வாணியம்பாடியிலிருந்து வந்ததா, ஆம்பூரிலிருந்து வந்ததா, பக்கத்துக் கரையிலேயே புதைத்ததா? ஆறு எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் புதைத்திருக்கலாம். கடைசியில் ஒருவன் அழுது உண்மையைக் கொட்டினால்தான் கதை நகரும். துப்பறிய ஒன்றுமில்லாத துப்பறியும் நாவல் வாசகரை ஏமாற்றுவதாகும்.

என் ஓட்டு கிணற்றுக்கு. ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு என்று எந்தப் பக்கம் போனாலும், போர்வெல் வந்த பிறகு வற்றிக் கைவிட்டுப்போன வெட்டுக் கிணறுகள் இருக்கின்றன. நிலத்தைப் புதிதாக வாங்கியவர் தூர்வார கிரேன் வைக்கிறார். வாளி வாளியாகச் சேறு வருகிறது. பிளாஸ்டிக் பை, அறுந்த செருப்பு, துருப்பிடித்த சைக்கிள் செயின், அப்புறம் ஒரு தாடை எலும்பு.

கிணற்றுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அதனால்தான் அது ஆற்றைவிட உசத்தி. வி.ஏ.ஓ. புகார் கொடுத்து, சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவானதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் நிலம் யார் யார் கைமாறியது என்று வரிசையாக வந்துவிடும். நாலு பேரில் ஒருவன் குடும்பத்து நிலம் அது. ஒரு பயிரும் வைக்காமல், நல்ல விலைக்குக் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பி, வருடக்கணக்காக விற்காமல் வைத்திருந்தான். அப்பா போனதும் பாகம் பிரித்ததில் அது தங்கை பங்குக்குப் போய், அவள் விற்றுவிட்டாள். ஏன் அத்தனை நாள் விற்கவில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஐந்து அத்தியாயம் ஓட்டலாம்.

செத்தவன் யார் என்று கண்டுபிடிக்க மண்டையோட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை இருக்கிறது. அதற்கு முகம் தெளிவாகத் தெரிகிற படம் வேண்டும். வகுப்பு குரூப் போட்டோவில் முகம் பொட்டளவுதான் இருக்கும். அவனுடைய பஸ் பாஸ் படத்தை யார் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பது அடுத்த முடிச்சு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது; ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. காணாமல் போன பையனின் பழைய ஃபைலைத் தேடி இரண்டு மாவட்டத்துக்கும் அலைய வேண்டியிருக்கும்.

துப்பறிவது நண்பர்களில் ஒருவனா, வெளியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டரா? இன்ஸ்பெக்டர்தான். நண்பனே கதை சொன்னால், தனக்குத் தெரிந்ததை அவன் வாசகரிடம் மறைத்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு அது பிடிப்பதில்லை.

வயதில்தான் நான் அதிகம் யோசித்தேன். சில எழுத்தாளர்கள் கூட்டாளிகளைக் கல்லூரி மாணவர்களாக்கிவிடுவார்கள். பத்தொன்பது வயதில் செய்தால் அது கொலை வழக்கு. எத்தனை வருடம் ஆனாலும் காலாவதி கிடையாது. பதினைந்து வயது என்றால் கணக்கே வேறு. இன்று நாற்பது வயதானாலும், சம்பவம் நடந்த அன்றைய வயதுதான் செல்லும். வழக்கு, சிறுவர்கள் செய்த குற்றங்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்; கொலையே என்றாலும் அதிகபட்சம் மூன்று ஆண்டு.

இதனால் விறுவிறுப்பு போய்விடும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது தெரியாமல்தானே அந்த நாலு பேரும் தூக்குக்கயிற்றுக்குப் பயந்து வளர்ந்திருக்கிறார்கள்? ஒருவன் ஊரைவிட்டே போனான், ஒருவன் வறண்ட நிலத்துக்குக் காவல் இருந்தான். ரோட்டில் அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தால் நாலு பேருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வேலூர் கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் அறையில், "அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா இதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும்பா" என்று அந்த வக்கீல் சொல்லும் இடம்தான் நாவலின் உச்சம். அந்த அத்தியாயம் வாக்குமூலத்துக்கு முன்னால் வர வேண்டும். அப்போதுதான் இனி ஜெயிலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அந்த அம்மாவுக்கும் என்ன சொல்வது என்று நாலு பேரும் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள்.