ஆபத்தான ஊர் எது? பட்டியலுக்குப் பட்டியல் மாறும் பதில்

நண்பர் ஒருவருக்கு இரண்டு ஊர்களிலிருந்து வேலை வந்திருக்கிறது. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். மகள் மாலை வகுப்பு முடிந்து இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள் என்பதால், எந்த ஊர் பாதுகாப்பு என்று பார்த்து முடிவு செய்ய நினைத்திருக்கிறார். இணையத்தில் தேடியதும் குழப்பம்தான் மிச்சம். ஒரு பட்டியலில் முதல் ஊர் மோசம், இன்னொன்றில் இரண்டாவது ஊர் மோசம், மூன்றாவதில் இரண்டு பெயருமே இல்லை. "இதுல எதைத்தான் நம்புறது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். 2016-ல் அமெரிக்காவின் சிகாகோவில் 762 கொலைகள் நடந்தன. அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் 188. செய்திகளில் அடிபட்டது சிகாகோதான். ஆனால் சிகாகோவில் சுமார் 27 லட்சம் பேர் வசிக்கிறார்கள். லட்சம் பேருக்கு 28 கொலை என்று வருகிறது. செயின்ட் லூயிஸில் அப்போது மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகம். லட்சத்துக்கு ஏறக்குறைய 60. அப்படியானால் செயின்ட் லூயிஸ் இரண்டு மடங்கு ஆபத்தா?

இங்கேதான் நிதானிக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரம் 1876-ல் தன்னைச் சுற்றியிருந்த கவுன்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பிரிந்து தனியாகிவிட்டது. அன்று போட்ட எல்லைக்கோடு இன்றும் மாறவில்லை. பிற்பாடு வசதியுள்ளவர்கள் குடிபோன புறநகர்கள் எல்லாம் கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. அந்தப் பெருநகரப் பகுதி முழுவதிலும் சுமார் 28 லட்சம் பேர் இருக்கிறார்கள், நகரத்துக்குள் கணக்கில் வருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். இதற்கு நேர்மாறாக, புளோரிடாவின் ஜாக்சன்வில் 1968-ல் தன் கவுன்டியோடு ஒன்றாக இணைந்தது. அமைதியான புறநகர்களும் அங்கே நகரக் கணக்கில் சேர்ந்து சராசரியை இறக்கிவிடுகின்றன. எப்போதோ நிர்வாகத்துக்காகப் போட்ட ஒரு கோடு, இன்று ஒரு ஊரின் பெயரைக் கெடுக்கிறது, இன்னொன்றைக் காப்பாற்றுகிறது. கோட்டை மாற்றினால் ஒரு கொலைகூடக் குறையாது, தரவரிசை மட்டும் தலைகீழாகும்.

காவல்துறைக் கணக்கை வைத்து வரும் பட்டியல்

பழக்கமான வகை இதுதான். அமெரிக்காவில் மோர்கன் குவிட்னோ என்ற நிறுவனம் பல ஆண்டுகள் 'ஆபத்தான நகரங்கள்' பட்டியலை வெளியிட்டது. 2007-லிருந்து சிக்யூ பிரஸ் என்ற பதிப்பகம் அதை எடுத்து நடத்தியது. கொலை, பாலியல் வன்புணர்வு, வழிப்பறி, கொடுந்தாக்குதல், வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு என்று ஆறு குற்றங்கள். ஒவ்வொன்றும் தேசிய சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று பார்த்து, ஆறுக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டினார்கள். அதாவது, கார் திருடு போவதும் ஒரு மனிதர் கொல்லப்படுவதும் அந்தப் பட்டியலில் சம எடை. சரி என்று ஏற்றுக்கொள்ளவே முடியாத கணக்கு இது. இன்னொன்றையும் கேளுங்கள்: 2007 பட்டியலில் சிகாகோவே கிடையாது. இல்லினாய் மாநிலம் வன்புணர்வுக் குற்றங்களை எஃப்பிஐ கேட்ட முறையில் எண்ணாததால், ஊரையே விட்டுவிட்டார்கள். பட்டியலைப் படிப்பவர் சிகாகோ நல்ல ஊர் போலிருக்கிறது என்று நினைத்தால் அவர் மேல் என்ன தப்பு?

அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு, இப்படித் தரவரிசை போடுவதை எதிர்த்துத் தீர்மானமே போட்டது. எண்களைத் திரட்டித் தரும் எஃப்பிஐயும், இவற்றை வைத்து நகரங்களை வரிசைப்படுத்த வேண்டாம், அது தவறான எண்ணத்தை உண்டாக்கி அங்கே வாழ்பவர்களைப் பாதிக்கும் என்று எச்சரித்து வந்திருக்கிறது. தரவைக் கொடுப்பவரே வேண்டாம் என்கிறார். இருந்தும் பட்டியல் வருடாவருடம் வந்துகொண்டுதான் இருந்தது.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. லண்டனுக்குள்ளே 'சிட்டி ஆஃப் லண்டன்' என்ற பழைய மையப்பகுதி இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர்தான். ஆனால் வேலைக்கு வந்து போகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அங்கே பறிபோகும் ஒவ்வொரு போனையும் 8,600 ஆல் வகுத்தால் கிடைக்கும் விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. சுற்றுலாப் பயணிகள் குவியும் ஊர்கள், விமான நிலையம் உள்ள சிறு நகரங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. குற்றம் நடப்பது ஒன்று, அது ஏட்டில் ஏறுவது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் சாலையோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்த போனைப் பைக்கில் வந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காவல் நிலையத்தில் இருந்தவர் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, "பறிச்சுட்டுப் போனாங்கன்னு எழுதினா கேஸ் ஆகும், நீங்க அடிக்கடி வரவேண்டியிருக்கும். காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க, சிம் கார்டு வாங்க அது போதும்" என்றார். களைத்துப் போயிருந்தேன், எழுதிக் கொடுத்துவிட்டேன். 'பறித்துச் சென்றனர்' என்று பாதி எழுதியிருந்த தாளை அவர் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வருடக் கணக்கில் அங்கே ஒரு வழிப்பறி குறைவு.

இது என் ஒருவனுக்கு நடந்த விஷயம் என்று நினைக்க முடியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு 2014-ல் வெளியிட்ட அறிக்கை, மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் 19 சதவீதம் பதிவாகவே இல்லை என்று மதிப்பிட்டது. பாலியல் குற்றங்களில் 26 சதவீதம். அதே ஆண்டு தொடக்கத்தில், காவல்துறைப் பதிவுகளுக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் எடுத்துவிட்டது. எதிர்த்திசையிலும் நடக்கும். இந்தியாவில் 2019-ல் அரசு உத்தரவை மீறியதாக அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் பதிவான வழக்குகள் 29,469. கொரோனா ஊரடங்கு வந்த 2020-ல் 6,12,179. மக்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை, வெளியே வந்ததே வழக்கானது. ஸ்வீடனில் 2005-ல் வன்புணர்வுக்கான சட்ட வரையறை விரிந்தது. ஒருவர் மேல் பலமுறை நடந்த குற்றத்தை ஒவ்வொரு முறையும் தனித்தனியாக எண்ணுவது அவர்கள் வழக்கம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஸ்வீடன் பெண்களுக்கு மோசமான நாடு என்று பேசுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நொந்துபோகிறது. பெண்கள் நம்பி வந்து சொல்கிறார்கள், சொன்னதை ஒழுங்காக எழுதிக்கொள்கிறார்கள், அதனால் எண் கூடுகிறது. நேர்மையாக எழுதுகிற ஊரைத் தண்டிக்கும் பட்டியல் ஆபத்தானது. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் இதைத் தன் ஆண்டறிக்கையில் தெளிவாகவே சொல்கிறது: குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் ஒன்றல்ல.

கொலையை மட்டும் எண்ணும் பட்டியல்

மேலே சொன்ன குறைகளில் பாதி இதில் இல்லை. போன் பறிபோனதை மறைக்கலாம், ஆள் செத்ததை மறைப்பது கஷ்டம். வரையறையும் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறாது. மெக்சிகோவில் பொதுப் பாதுகாப்புக்காக இயங்கும் ஒரு குடிமக்கள் அமைப்பு, உலகின் 50 வன்முறை நகரங்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடுவது இப்படிப்பட்ட பட்டியல்தான். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள், லட்சம் பேருக்கு எத்தனை கொலை, அவ்வளவுதான். ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலா, வெனிசுவேலாவின் கராகஸ், மெக்சிகோவின் டிஹுவானா ஆகியவை முதலிடத்தில் வந்திருக்கின்றன.

காவல்துறைப் பட்டியலோடு ஒப்பிட்டால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். ஆனாலும் மூன்று லட்சம் என்ற வாசற்படியைக் கவனியுங்கள். 2020 கணக்கெடுப்பில் செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 3,01,578. இரண்டாயிரம் பேர் வீடு மாறியிருந்தால் அந்த ஊர் பட்டியலுக்குள்ளேயே வந்திருக்காது. கொலை எண்ணிக்கையில் மருத்துவத்துக்கும் பங்குண்டு. ஒரே மாதிரி துப்பாக்கிக் காயம், ஒரு ஊரில் ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வருகிறது, இன்னொரு ஊரில் வருவதில்லை. முதல் ஊரில் அது தாக்குதல், அடுத்த ஊரில் கொலை. மெக்சிகோவில் காணாமல் போனவர்களின் அதிகாரப்பூர்வப் பதிவு 2022-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இல்லை என்பது கொலைக் கணக்கில் தெரியாது. அவர்களுடைய குடும்பத்தார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், லட்சத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வரை போட்டுக் காட்டும் துல்லியம் உறுத்துகிறது.

இன்னொன்று. உலகம் முழுக்கக் கொல்லப்படும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொல்வது கணவனோ, காதலனோ, குடும்பத்தில் ஒருவரோதான் என்று ஐநாவின் ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. ராத்திரி தெருவில் நடக்கலாமா என்ற கேள்விக்கும் இந்த எண்ணுக்கும் தூரம் அதிகம்.

பயத்தை அளக்கும் பட்டியல்

நம்பியோ என்ற தளம் 2009-ல் தொடங்கியது. பார்க்க வருகிற யார் வேண்டுமானாலும் கேள்விகளுக்குப் பதில் தரலாம்: பகலில் தனியாக நடக்கப் பயமா, இரவில் பயமா, வீட்டில் திருடு போகும் என்று கவலையா. அதிலிருந்து ஒரு குறியீட்டு எண். அபுதாபி பல ஆண்டுகளாகப் பாதுகாப்பில் முதலிடம். வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களில் நிறைய இங்கிருந்துதான் வருகின்றன. நண்பர் பார்த்ததில் ஒன்றும் இதுதான்.

பதில் சொல்பவர் யார் என்று யோசித்தால் போதும். இணையத்தில் உலாவுகிறவர், பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர், கோபமோ பெருமையோ இருப்பதால் நேரம் ஒதுக்குகிறவர். இரவு வேலை முடித்து நடந்து போகும் துப்புரவுத் தொழிலாளியின் குரல் அதில் அதிகம் இருக்காது. தவிர, பயம் உண்மை நிலவரத்தோடு சேர்ந்து நடப்பதில்லை. அமெரிக்காவில் 1990-களிலிருந்து வன்முறைக் குற்றம் வெகுவாகக் குறைந்தது. அப்படியும், நாட்டில் குற்றம் போன வருடத்தைவிடக் கூடிவிட்டது என்றுதான் கேலப் கருத்துக்கணிப்பில் பெரும்பாலான ஆண்டுகளில் மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அதற்காகப் பயத்தை ஒதுக்கவும் மாட்டேன். பயந்து ஒரு பெண் மாலை வகுப்பையே விட்டுவிட்டால், அவளுக்கு அது பெரிய இழப்பு. பயத்தை அளப்பது நல்லதுதான். பயம் என்று பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும், குற்றம் என்று போடக்கூடாது.

கூட்டுக் குறியீடு

எகனாமிஸ்ட் குழுமம் 2015, 2017, 2019, 2021 ஆண்டுகளில் பாதுகாப்பான நகரங்கள் குறியீடு வெளியிட்டது. முதல் மூன்று முறையும் டோக்கியோ, கடைசியில் கோபன்ஹேகன். டிஜிட்டல் பாதுகாப்பு, சுகாதாரம், கட்டமைப்பு, தனிநபர் பாதுகாப்பு, 2021-ல் புதிதாகச் சுற்றுச்சூழல் என்று எல்லாம் கலந்த கலவை இது. நகர நிர்வாகிகளுக்கு உதவும். மகள் இருட்டில் வீடு திரும்புவதை நினைத்துக் கவலைப்படும் அப்பாவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பட்டியல் போடாத ஒரு வழி

என் கணிப்பில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது, மக்களிடமே போய்க் கேட்கும் ஆய்வு. அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்தில் 1982 முதலும் நடக்கிறது. குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, போன ஆறு மாதத்தில் அல்லது வருடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனீர்களா என்றும் கேட்கிறார்கள். வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிக்கும் மேல் போவதில்லை என்று அமெரிக்க ஆய்வு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. என் போன் இந்தக் கணக்கில் பறிப்பாகவே ஏறியிருக்கும். குறை என்னவென்றால், செத்தவரிடம் கேட்க முடியாது, அதனால் கொலை இதில் வராது. அப்புறம், இவை நாடு முழுவதற்குமான மாதிரிகள். ஒவ்வொரு நகரத்துக்கும் தனியாக எண் சொல்லுமளவுக்கு வீடுகளைக் கேட்கப் பெரும் பணம் வேண்டும். நம்பகமான முறை வரிசை போட உதவாமலும், வரிசை போட வசதியான முறைகள் நம்பகமில்லாமலும் இருப்பதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு.

இதில் இன்னொரு விஷயம், எனக்கே புதிதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-ல் வெளியான ஆய்வு, அவற்றில் பாதிக்கு மேல் நகரத்தின் மூன்று சதவீத முகவரிகளிலிருந்து வந்ததாகக் காட்டியது. சியாட்டிலில் 14 ஆண்டுத் தரவை எடுத்துத் தெரு தெருவாகப் பார்த்தபோதும் அப்படித்தான்: ஏறக்குறைய பாதிக் குற்றம் ஐந்து சதவீதத் தெருத்துண்டுகளில், வருடம் மாறினாலும் இடம் அவ்வளவாக மாறவில்லை. ஒரே சாலையில் ஒரு முனை மோசம், அடுத்த முனையில் ஒன்றுமே நடப்பதில்லை. செயின்ட் லூயிஸில் பணியாற்றிய குற்றவியலாளர் ரிச்சர்ட் ரோசன்ஃபெல்ட், எந்த நகரம் என்பதைவிட நகரத்துக்குள் எந்தப் பகுதி என்பதுதான் ஒருவருக்கு இருக்கும் ஆபத்தைச் சொல்லும் என்று வாதாடி வந்தார். ஊருக்கு ஒரே எண் என்று போடும்போது அந்த மோசமான முனையில் வாழ்கிற குடும்பமும் மறைந்துபோகிறது. உதவி தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

நண்பரிடம் இப்படிச் சொன்னேன்: கொலை விகிதத்தை ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்காமல் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள், நகர எல்லைக்குப் பதில் பெருநகரப் பகுதிக்குப் பாருங்கள். மற்ற குற்றங்களில் ஊருக்கு ஊர் ஒப்பிடாதீர்கள், அதே ஊர் போன வருடத்தைவிட எப்படி என்று மட்டும் பாருங்கள், அதுவும் எண்ணும் முறை மாறவில்லை என்று தெரிந்தால். காவல்துறை தெருவாரியாக வரைபடம் வெளியிட்டிருந்தால் அதைத் திறந்து பாருங்கள். மற்ற பட்டியல்களை விட்டுவிடுங்கள்.

அவர் இப்போது ஊர் பெயரை விட்டுவிட்டு வகுப்பிலிருந்து பேருந்து நிறுத்தம், நிறுத்தத்திலிருந்து வீடு என்று வழியைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். இரண்டு ஊருக்கும் அடுத்த வாரம் போகிறாராம். மகளும் கூட வருகிறாள், இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பேருமாக அந்த வழியில் நடந்து பார்க்கப் போகிறார்கள்.