திரும்ப வாசிப்பதா, மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்பதா?

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கினால் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தாய்மார்கள் கேட்பது இதுதான்: மரபுத்தொடர்களைப் பத்து முறை வாசிக்க வைப்பதா, புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வி கேட்பதா?

செலவு: இரண்டுக்கும் காசு வேண்டாம்.

சுலபம்:
வாசிப்பு – சுகம், பிள்ளை முகம் சுளிக்காது.
மூடிச் சொல்வது – சிரமம். திணறும், சில நேரம் அழும்.

நிலைப்பு: விஷயமே இங்கேதான் இருக்கிறது. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்குச் சுமார் 56 விழுக்காடு நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42தான். திரும்பத் திரும்ப வாசித்தால் எழுத்து கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அதையே மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. நினைவிலிருந்து தேடி எடுக்கும்போதோ, எடுக்கும் வழி பலப்படுகிறது. மறந்ததெல்லாம் அழிந்துபோனதும் அல்ல. 'ஆறப்போடுதல்' பொருள் வரவில்லையா? "சூடான கஞ்சியை என்ன செய்வோம்?" என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் வந்துவிடும்.

சரி, எது யாருக்கு? பாடம் புதிதென்றால், அல்லது வகுப்புக்குள் நுழைய ஐந்து நிமிடம்தான் இருக்கிறதென்றால், வாசிப்பு. மாதக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் மூடிச் சொல்வதுதான், சந்தேகமே வேண்டாம். ஒரே இரவில் அல்ல. இன்று, மூன்று நாள் கழித்து, அப்புறம் அடுத்த வாரம். தவறாகச் சொன்னால் திட்டாமல் சரியான விடையை உடனே காட்டிவிடுங்கள்.