தெருவில் வரும் மூட்டை வெங்காயம்: கைவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

போன ஆவணிக் கடைசியில் எங்கள் தெருவுக்கு ஒரு லோடு ஆட்டோ வந்தது. "பெரம்பலூர் பழைய சின்ன வெங்காயம், மூணு மாசம் கெடாது" என்று ஒலிபெருக்கியில் பதிவுக்குரல். மேலே கிடந்தது நன்றாகக் காய்ந்து, செக்கச்செவேலென்று இருந்தது. 10 கிலோ மூட்டை ஒன்று வாங்கினேன். பிரித்துக் கொட்டச் சொன்னதற்கு, "தைச்ச மூட்டைக்கா, பிரிச்சா வேற யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் சமையலறையில் நாற்றம். மூட்டையைக் கொட்டினால், மேலே இரண்டு கைப்பிடி அளவுதான் பழசு. கீழே இருந்ததெல்லாம் மழையில் பிடுங்கிய புது வெங்காயம், தாள்கூடக் காயவில்லை. அடியில் கூழாகி, கொசு மொய்த்தது. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.

அடுத்த வாரம் அதே ஆட்டோ வந்தபோது கேட்டேன். "நீங்க வச்ச லட்சணம் சரியில்லக்கா" என்று என் மேலேயே பழி போட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. சாக்கோடு, உருளைக்கிழங்குக் கூடையை ஒட்டி வைத்தது என் தவறுதான். ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும். ஆனால் ஈர வெங்காயத்தை எப்படி வைத்தாலும் நிற்காது. திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் வெங்காயம் விற்கும் ஒரு அம்மாவிடம் சொன்னபோது, அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுத்தை நசுக்கிக் காட்டினார். காய்ந்தது நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும். பச்சை வெங்காயத்தின் கழுத்து தடிமனாக, மெத்தென்று இருக்கும். அதன் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்குமாம். கைநிறைய அள்ளித் தேய்த்தால் சருகு சலசலக்க வேண்டும், சத்தம் வராவிட்டால் ஈரம் என்றார். அவர்கள் ஊரில் பிடுங்கியதும் தாளோடு நிழலில் உலர்த்தி, அப்புறம்தான் பட்டறையில், அதாவது வெங்காயம் சேமித்து வைக்கும் கொட்டகையில் போடுவார்கள். பட்டறை தரையில் படாது. கீழே கல் அடுக்கி, நாலு பக்கமும் காற்று புகுகிற மாதிரி தட்டி கட்டி, மேலே கூரை போட்டிருப்பார்கள்.

அதைக் கேட்டபின் வீட்டிலும் மாற்றிவிட்டேன். வாங்கியதும் பழைய வேட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள். பிறகு ஓட்டைக் கூடையில், ஜன்னல் பக்கம். வாரம் ஒருமுறை கிளறி, மெத்தென்று ஆனதை முதலில் சமையலுக்கு எடுத்துவிடுகிறேன். ஃபிரிட்ஜில் வைப்பதில்லை, ஈரம் பட்டு முளைவிட்டுவிடுகிறது. உருளைக்கிழங்கு இப்போது வேறு மூலையில், இருட்டில்.

திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள், அந்த ஆட்டோ இன்னும் சுற்றுகிறது. மூட்டையைப் பிரித்து அடிவரை கைவிட்டுப் பாருங்கள். எடையையும் உங்கள் கண்முன்னால் போடச் சொல்லுங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.