வால்பேப்பர் எடுத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் உஷார்

பழைய பிளாட் வாங்கி, முந்தைய ஓனர் ஒட்டிவிட்டுப் போன வால்பேப்பரை எடுக்க ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேப்பர் எடுத்த வெறும் சுவரை நீங்களே கையால் தடவிப் பார்க்கும்வரை அதன்மேல் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் வெள்ளைப் பூச்சு) பூச விடாதீர்கள். அடுத்த தவணைப் பணத்தையும் கொடுக்காதீர்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

எங்களுடையது மடிப்பாக்கத்தில் ரீசேல் பிளாட். ஹாலில் இரண்டு சுவர், பெட்ரூம்களில் ஒவ்வொரு சுவர், எல்லாம் பழுப்பும் தங்கமும் கலந்த பூப்போட்ட வினைல் பேப்பர். ஓரங்கள் கறுத்துப்போய், பாத்ரூமை ஒட்டிய சுவரில் கீழ்ப்பகுதி உப்பியிருந்தது. இன்டீரியர் கம்பெனி ஒன்று வந்து அளந்து கொட்டேஷன் கொடுத்தது. பேப்பர் உரிக்கச் சதுர அடிக்கு 15 ரூபாய், பட்டி, பிரைமர், எமல்ஷன் பெயிண்ட் எல்லாம் சேர்த்து 38 ரூபாய். மொத்தம் 620 சதுர அடி என்றார்கள். நான் டேப் பிடித்துப் பார்த்தபோது பேப்பர் ஒட்டிய இடம் 430-ஐத் தாண்டவில்லை. கதவு, பால்கனிக் கதவு, பேப்பரே இல்லாத கப்போர்டு பின்புறம் எல்லாவற்றையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "அது கிராஸ் மெஷர்மென்ட் மேடம், சார்கிட்ட நான் எக்ஸ்பிளெய்ன் பண்ணிக்கிறேன்" என்றார் சூப்பர்வைசர். வீட்டுக் கணக்குப் பார்ப்பது நான். சாருக்குச் சதுர அடியும் தெரியாது, சதுர மீட்டரும் தெரியாது. பேசிப் பேசி 500-க்கு இறங்கினார்கள்.

அடுத்தது கெமிக்கல். "இது பிடிவாதமான பேப்பர், முன்னாடி ஒட்டினவன் பெவிகால் கலந்திருக்கான், இம்போர்ட்டட் ரிமூவர் இல்லாம வராது" என்று லிட்டர் 650 ரூபாய்க்கு ஆறு லிட்டர் போட்டார்கள். வந்தது லேபிள் இல்லாத வெள்ளைக் கேனில் இளநீலத் தண்ணீர். மூடியைத் திறந்தால் துணி அலசும்போது கடைசியில் ஊற்றுவோமே, அந்த வாசனை. வெந்நீரில் பேப்ரிக் சாஃப்ட்னர் கலந்து வால்பேப்பரை ஊறவைப்பது உலகம் முழுக்க நடக்கிற வீட்டு வைத்தியம்தான், பலனும் ஓரளவு உண்டு. ஆனால் அதற்கு லிட்டர் 650 கிடையாது.

தூசி பறக்கும், குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, போட்டோ அனுப்புகிறோம் என்று எங்களை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஹால் முடிந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. சுவர் பழுப்பு வெள்ளையாக, பேப்பர் இல்லாமல் இருந்தது. அங்கேதான் விஷயம்.

வினைல் வால்பேப்பரில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே டிசைன் அச்சான பிளாஸ்டிக் தோல், அடியில் காகிதம். பழைய பேப்பரில் பெரும்பாலும் மேல்தோலை ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தாலே நீளநீளமாகக் கையோடு வந்துவிடும். நாம் கூலி கொடுப்பதே அடிக்காகிதத்தையும் அதற்குக் கீழே காய்ந்து இறுகிய பசையையும் எடுப்பதற்குத்தான். போட்டோவில் பார்த்தால் அடிக்காகிதமும் பழைய பட்டியும் ஒரே நிறம். கையால் தடவினால்தான் வித்தியாசம் தெரியும். பட்டி சில்லென்று கெட்டியாக இருக்கும், ஈரத் துணியால் துடைத்தால் லேசாக மாவு வரும். காகிதம் என்றால் துடைத்த இடத்தில் நிறம் கறுத்து, விரலால் தேய்த்தால் திரிதிரியாக உருளும்.

இவர்கள் மேல்தோலை மட்டும் உரித்துவிட்டு, அடிக்காகிதத்தின் மேலேயே இரண்டு கோட் பட்டி இழுத்து, பிரைமர், பெயிண்ட் என்று போய்விட்டார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது ஹால் பளபளவென்று கல்யாண வீடு போல இருந்தது. மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு வருஷ வாரண்டி என்று சீல் போட்ட தாளையும் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஆரம்பித்தது. முதலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவு கொப்புளம். அப்புறம் பாத்ரூம் சுவர் முழுக்க. அழுத்தினால் உள்ளே வெற்றிடமாகச் சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு துண்டு தானாகவே கழன்று, அப்பளம் போல உடைந்து சோபாவில் விழுந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் புது பெயிண்ட், நடுவில் பட்டி, பின்பக்கம் காகிதம். காகிதத்தில் பழைய பசை தடவிய பிரஷ் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. நடுநடுவே கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள்.

போன் போட்டால், "சென்னை க்ளைமேட் மேடம், மழை விட்டா தானா செட் ஆகிடும்." துண்டின் பின்பக்கத்தை வீடியோ எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது. "உங்க சுவத்துல ஓதம் இருக்கு, அதுக்குத் தனி ட்ரீட்மென்ட், சதுர அடிக்கு 85 ஆகும்." ஓதம், அதாவது சுவருக்குள் ஊறும் ஈரம், இருந்தது உண்மை. பேப்பரைச் சரியாக எடுத்திருந்தால் அன்றைக்கே அது கண்ணில் பட்டிருக்கும் என்பதும் உண்மை. அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான் வருகிறது.

பிறகு தெரிந்தவர் மூலம் ஒரு பெயிண்டிங் மேஸ்திரி வந்தார். பட்டித் தகட்டால் நாலு இடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பேப்பரே எடுக்கலம்மா. தோலை உரிச்சுட்டு மேல பூசிட்டுப் போயிருக்கானுங்க" என்றார். ஈரப் பட்டியின் தண்ணீரைக் காகிதம் குடித்திருக்கிறது, பழைய பசை இளகியிருக்கிறது, அதற்குமேல் எமல்ஷன் மூடிவிட்டது, மழைக்காலத்தில் சுவர் ஈரமும் சேர்ந்ததும் மொத்தமாக விட்டுவிட்டது. அவர் கெமிக்கல் எதுவும் கேட்கவில்லை. முதலில் சுவர் சுவிட்சுகளுக்கான எம்சிபியை (கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்கச் சொன்னார். போன தடவை வந்தவர்கள் தண்ணீர் ஸ்பிரே அடித்தபோது அதைச் செய்தார்களா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி எடுத்தார். காகிதம் வெளியே தெரிந்த இடங்களில் வெந்நீரில் கொஞ்சம் பாத்திர சோப்பு கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலத் தகட்டைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளினார். வராத இடத்தில் மறுபடி ஊறல்தான், குத்திக் கிளறவில்லை. ஒரு சுவருக்கே பாதி நாள் ஓடிவிட்டது. மத்தியானத்துக்குள் ஹால் முடிந்தது என்று எவராவது சொன்னால் இனிமேல் நான் நம்பப் போவதில்லை.

காகிதம் போன பிறகும் பசை இருக்கும். ஈர விரலால் தேய்த்தால் வழவழக்கும். வெந்நீர் மாற்றி மாற்றிக் கழுவினார். ஸ்டார்ச் பசையா என்று பார்க்க நான் பள்ளிக்கூட வேதியியலை நம்பி ஒரு சொட்டு அயோடின் வைத்தேன், மூலையில் கருநீலம் பிடித்தது. மேஸ்திரிக்கு அது பிடித்துப்போய் மற்ற மூலைகளிலும் வைக்கச் சொன்னார். பெவிகால் வகைப் பசையை இந்தச் சோதனை காட்டித்தராது, அதற்கு விரல்தான்.

ஓதத்துக்கும் அவரிடம் சுலபமான வழி இருந்தது. ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டார். சுவர்ப்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தது. பாத்ரூம் டைல் இடுக்குகளில் பூச்சு போய்விட்டிருந்தது, பிளம்பர் அதை எபாக்ஸி வைத்து அடைத்தார். முந்தைய ஓனர் அந்தச் சுவருக்கு ஏன் அவ்வளவு ஆசையாகப் பேப்பர் ஒட்டினார் என்பது அப்போதுதான் விளங்கியது.

நீங்கள் ஆள் கூப்பிட்டால் கொட்டேஷனிலேயே "அடிக்காகிதமும் பசையும் முழுமையாக நீக்கி, வெறும் சுவரை ஓனர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பட்டி" என்று எழுதி வாங்குங்கள். அளவு பேப்பர் இருக்கிற இடத்துக்கு மட்டும். உரிப்பதற்குத் தனித் தொகை, பூசுவதற்குத் தனித் தொகை. மூலையில் ஓரடி இடத்தை உங்கள் முன்னால் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அனுப்பிவிடுங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். "வாரண்டி பெயிண்டுக்கு மட்டும், சுவருக்கு இல்லை" என்று கம்பெனி பதில் போட்டிருக்கிறது. எங்கள் கையில் இருக்கும் வாரண்டித் தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பில், வாட்ஸ்அப் பேச்சு, போட்டோக்கள், சோபாவில் விழுந்த துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.